டாட்டூவில் இருக்கும் சரஸ்வதி யார் வரைந்த முகம்? ராஜா ரவி வர்மாவின் கதை

கிள்ளானின் ஜாலான் தெங்கு கிளானாவிலோ, பிரிக்பீல்ட்ஸின் ஜாலான் துன் சம்பந்தனிலோ ஒரு சனிக்கிழமை மாலை நடந்து பாருங்கள். பூக்கடை, புடவைக்கடை, வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. நடுவில், வாசல் முழுக்கச் சாமி படங்களை மாட்டி வைத்திருக்கும் ஒரு கடை.

அந்தக் கடையைத் தாண்டிப் போகும் இளைஞர்களின் கைகளையும் கொஞ்சம் கவனியுங்கள். முன்கையில் முருகன், தோளில் சிவன், மணிக்கட்டுக்கு மேலே வீணையோடு சரஸ்வதி. கடையில் தொங்கும் அதே முகங்கள்தான் தோலிலும் இருக்கும்.

புகழ்பெற்ற ஓவியங்களை உடம்பில் குத்திக்கொள்வது உலகம் முழுக்க இருக்கும் வழக்கம். ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாயின் பேரலை, வான்கோவின் நட்சத்திர இரவு, கிளிம்ட்டின் முத்தம் ஆகியவற்றை டாட்டூ கடைகளில் அடிக்கடி பார்க்கலாம். அவற்றைக் குத்திக்கொள்பவருக்கு அது யாருடைய ஓவியம் என்று பெரும்பாலும் தெரிந்திருக்கும்.

ஆனால் சரஸ்வதியைக் குத்திக்கொள்ளும் ஒருவரிடம் இது யார் வரைந்தது என்று கேட்டால்? கேள்வியே கொஞ்சம் விசித்திரமாகப் படும். சாமி படம்னா சாமி படம்தான், அதுக்கு ஏது ஓவியர் என்றுதான் தோன்றும்.

ஓவியர் இருந்தார். பெயர் ரவி வர்மா. அவர் இறந்து 100 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. நாம் கண்ணை மூடினால் மனதில் வரும் லட்சுமிக்கும் சரஸ்வதிக்கும் இன்றைய முகத்தைக் கொடுத்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

யார் இந்த ரவி வர்மா?

1848-ஆம் ஆண்டு ஏப்ரல் 29-ஆம் தேதி, திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் உள்ள கிளிமானூரில் பிறந்தார். இன்றைய கேரளாவில், திருவனந்தபுரத்துக்கு வடக்கே இருக்கும் ஊர் அது.

ராஜா ரவி வர்மா என்று எல்லோரும் சொன்னாலும், அவர் எந்த நாட்டையும் ஆண்ட அரசர் இல்லை. திருவிதாங்கூர் அரச குடும்பத்தோடு திருமண உறவு கொண்ட குடும்பம் அவருடையது. ஓவியராக ஊர் ஊராகப் போய், வரைந்து, கூலி வாங்கித்தான் பேர் எடுத்தார். உயர்குடியில் பிறந்த ஒருவர் ஓவியத்தைத் தொழிலாகச் செய்வது அன்று வழக்கமில்லாத விஷயம்.

அவருடைய முதல் குரு தாய்மாமா ராஜராஜ வர்மா. அவர் தஞ்சாவூர் பாணி ஓவியம் தெரிந்தவர். நம் வீட்டுச் சாமி படங்களில் தங்க நிறமும் நகைகளும் மின்னுவதைப் பார்க்கும்போது, ரவி வர்மாவின் முதல் பாடமே தஞ்சாவூர் பாணியில்தான் தொடங்கியது என்பதை நினைத்துக்கொள்ளலாம்.

பக்கத்தில் நின்று பார்த்தே கற்றவர்

14 வயதில் மாமா அவரைத் திருவனந்தபுரம் அரண்மனைக்கு அழைத்துச் சென்றார். மன்னர் ஆயில்யம் திருநாள் சிறுவனின் திறமையைப் பார்த்து, அங்கேயே தங்கிக் கற்க ஏற்பாடு செய்தார்.

ஆனால் எண்ணெய் வண்ணம் அப்போது இந்தியாவுக்குப் புதிது. அரண்மனையில் அதை அறிந்திருந்தவர் ராமசாமி நாயக்கர் என்ற ஓவியர். அவர் இந்த இளைஞனுக்குக் கற்றுத்தர முன்வரவில்லை என்று ரவி வர்மாவின் வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. நாயக்கரின் மாணவரான ஆறுமுகம் பிள்ளைதான் ரகசியமாக உதவி செய்தவர்.

1868-இல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் மன்னர் குடும்பத்தை வரைய வந்தார். அவரும் பாடம் சொல்லித்தரவில்லை, தான் வரைவதைப் பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் அனுமதித்தார். ரவி வர்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது. வண்ணத்தை எப்படிக் கலப்பது, துணியின் மடிப்பில் வெளிச்சத்தை எப்படி விழவைப்பது என்பதையெல்லாம் பார்த்து, தப்பாகப் போட்டு, மறுபடி போட்டுத்தான் பழகினார்.

மதராஸில் கிடைத்த பெயர்

1873-ஆம் ஆண்டு மதராஸில் நடந்த ஓவியக் கண்காட்சியில், கூந்தலில் பூச்சூடும் நாயர் பெண்ணின் ஓவியத்துக்காகத் தங்கப் பதக்கம் பெற்றார். அதே ஆண்டு வியன்னாவில் நடந்த உலகக் கண்காட்சியிலும் அவருக்குப் பரிசு கிடைத்தது. அப்போது அவருக்கு 25 வயது.

அடுத்த ஆண்டு மதராஸ் கண்காட்சியில் வைத்தது, இசைக்கருவி வாசிக்கும் ஒரு தமிழ்ப் பெண்ணின் ஓவியம். 1876-இல் துஷ்யந்தனுக்குச் சகுந்தலை கடிதம் எழுதும் காட்சியை வரைந்தார். அதை மதராஸ் ஆளுநரான பக்கிங்ஹாம் கோமகன் வாங்கினார்.

இந்தச் சகுந்தலை முக்கியமானவள். அதுவரை மனிதர்களை நேரில் பார்த்து வரைந்து பெயர் வாங்கியவர், இனி புராணத்தில் வருபவர்களையும் நேரில் பார்த்ததுபோல வரையலாம் என்று காட்டினார்.

சாமிக்கு எந்த ஊர்ப் புடவை?

1880-களின் இறுதியில் பரோடா மன்னர் மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட், புராணக் காட்சிகளை 14 ஓவியங்களாக வரைந்து தரச் சொன்னார். இங்கேதான் ஒரு சிக்கல் வந்தது.

சீதையும் தமயந்தியும் எப்படி உடுத்தியிருப்பார்கள்? கேரளப் பெண்களைப்போல முண்டா, தமிழ்நாட்டுப் புடவைக்கட்டா, வடக்கே கட்டும் பாவாடையா? கோயில் சிற்பங்களில் இருக்கும் உடை வேறு, தெருவில் நடக்கும் பெண்களின் உடை வேறு.

ரவி வர்மா தன் தம்பி சி. ராஜராஜ வர்மாவை அழைத்துக்கொண்டு வட இந்தியா வரை பயணம் போனார். ஊர் ஊராக உடைகளையும் முகங்களையும் பார்த்தார். கடைசியில் அவர் பெரும்பாலும் தேர்ந்தெடுத்தது புடவை. எந்த ஊர்க்காரர் பார்த்தாலும் ஓரளவு தன் ஊர்ப் பெண்போலத் தெரிய வேண்டும் என்பதே அதன் பலன்.

1896-இல் வரைந்த இரண்டு ஓவியங்களை நம்மில் பலர் பார்த்திருப்போம். ஒன்றில், தாமரை மேல் நிற்கும் லட்சுமி. பக்கத்தில் மாலையைத் தூக்கிப் பிடிக்கும் யானை. இன்னொன்றில், நீர்க்கரைப் பாறையில் வீணையோடு அமர்ந்திருக்கும் வெள்ளைப் புடவைச் சரஸ்வதி, பக்கத்தில் மயில். தமிழ்ப்பள்ளிச் சுவரில், பரீட்சைக்கு முன் கும்பிட்ட படத்தில், நாட்காட்டியில், இப்போது டாட்டூ கடையின் கைபேசித் திரையில் இருப்பதெல்லாம் பெரும்பாலும் இந்தப் படங்களின் பேரப்பிள்ளைகள்தான்.

கல்லில் வரைந்து, காகிதத்தில் அச்சிட்டு

ஓர் எண்ணெய் ஓவியத்தை ஓர் அரண்மனைதான் வாங்க முடியும். சாதாரண மக்கள் என்ன செய்வார்கள்? இந்தக் கேள்வியை ரவி வர்மாவிடம் எழுப்பியவர்களில் ஒருவர் டி. மாதவ ராவ். கும்பகோணத்தில் பிறந்து, திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்தவர். ஓவியங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி அச்சிட்டால் ஊரெல்லாம் போய்ச் சேருமே என்று அவர் கடிதம் எழுதி யோசனை சொன்னார்.

ரவி வர்மா இன்னும் ஒரு படி மேலே போய், 1894-இல் பம்பாயில் தன் சொந்த அச்சகத்தையே தொடங்கினார். ஜெர்மனியிலிருந்து இயந்திரங்களும் தொழில்நுட்ப வல்லுநர்களும் வந்தார்கள்.

வேலை எப்படி நடந்தது தெரியுமா? கனமான, வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் படத்தை இடவலம் மாற்றி வரைய வேண்டும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தனிக் கல். ஒரே காகிதத்தை ஒவ்வொரு கல்லின் மேலும் துளி பிசகாமல் வைத்து எடுக்க வேண்டும். ஒரு கல் கொஞ்சம் நகர்ந்தாலும் அம்மனின் பொட்டு மூக்கில் வந்து உட்காரும்.

டாட்டூ குத்தியவர்களுக்கு இது பழக்கமான வேலையாகத் தோன்றலாம். அங்கேயும் முதலில் கோட்டுப்படம், அதைத் தாளிலிருந்து தோலுக்கு ஒற்றி எடுப்பது, பிறகு அடுக்கடுக்காக நிழல். ஓவியம் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும்போது யாரோ ஒரு கைவினைஞர் அதை மறுபடி வரைகிறார். ரவி வர்மாவின் படங்களும் அப்படித்தான், பெயர் தெரியாத பல அச்சுக் கலைஞர்களின் கை வழியாக மக்களிடம் வந்தன.

படங்கள் ஊரெல்லாம் பரவின. ஆனால் அச்சகம் பணம் தரவில்லை. 1896-இல் பம்பாயில் பிளேக் பரவியது. கடன் ஏறியது. அச்சகம் லோனாவாலா அருகே உள்ள மலவ்லிக்கு மாறியது. 1901-இல் அங்கே பணியாற்றிய ஜெர்மானியர் ஃப்ரிட்ஸ் ஷ்லைஷரிடம் அதை விற்றுவிட்டார். நாடு முழுக்கப் பூஜை அறைகளில் லட்சுமியைக் கொண்டுபோய் வைத்தவருக்கு, அந்த லட்சுமி லாபம் கொடுக்கவில்லை.

கோயில் கதவு மூடியிருந்தபோது

அந்தப் படங்கள் ஏன் அவ்வளவு வேகமாகப் பரவின? அழகு ஒரு காரணம், மலிவு இன்னொரு காரணம். மூன்றாவது காரணம் சாதி.

அன்று பல கோயில்களில், ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் உள்ளே போகவே முடியாது. கருவறையில் சாமி எப்படி இருக்கும் என்று வாழ்நாள் முழுக்கப் பார்க்காமலே இறந்தவர்கள் ஏராளம். ஓர் அச்சுப்படத்துக்கு அந்தத் தடை கிடையாது. காசு கொடுத்து வாங்கி, சுவரில் மாட்டி, பொட்டு வைத்து, பூப் போட்டுக் கும்பிடலாம். நடுவில் நின்று தடுக்க யாரும் இல்லை.

இதில் இன்னொரு திருப்பமும் இருக்கிறது. ரவி வர்மாவின் பேத்திகள் இருவர் 1900-இல் திருவிதாங்கூர் அரச குடும்பத்துக்குத் தத்து கொடுக்கப்பட்டனர். அவர்களில் ஒருவரின் மகன்தான் சித்திரைத் திருநாள் மகாராஜா. 1936 நவம்பர் 12-ஆம் தேதி, திருவிதாங்கூர் அரசின் கோயில்களை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிடும் பிரகடனத்தை வெளியிட்டவர் அவர். கொள்ளுத்தாத்தாவின் படங்கள் வீடுகளுக்குள் நுழைந்து சுமார் 40 ஆண்டுகள் கழித்து, கொள்ளுப்பேரன் கோயில் கதவைத் திறந்தார். மதுரை மீனாட்சி அம்மன் கோயிலில் ஆலய நுழைவு நடந்தது அதற்கும் பிறகு, 1939-இல்.

மலாயாவுக்கு இதில் என்ன சம்பந்தம்?

காலத்தைக் கொஞ்சம் ஒப்பிட்டுப் பாருங்கள். பத்துமலையில் தைப்பூசம் கொண்டாடத் தொடங்கியது 1892-இல். ரவி வர்மாவின் அச்சகம் தொடங்கியது 1894-இல். கிள்ளான் துறைமுகத்தின் முன்னோடியான போர்ட் சுவெட்டன்ஹாம் திறக்கப்பட்டது 1901-இல்.

அதாவது, தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கூட்டம் கூட்டமாக மக்கள் மலாயாத் தோட்டங்களுக்கும் ரயில் பாதை வேலைக்கும் கப்பலேறிய காலமும், அச்சிட்ட சாமி படம் பிறந்த காலமும் ஏறக்குறைய ஒன்று. கற்சிலையைக் கப்பலில் தூக்கி வர எல்லோராலும் முடியாது. சுருட்டி வைத்த ஒரு காகிதத்துக்கு எடையே இல்லை. தோட்டத்து லயத்தில் ஒரு பலகையும் ஒரு படமும் ஒரு விளக்கும் சேர்ந்தால் அதுவே சாமி மேடை.

20-ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்த வேலை பம்பாய்ப் பக்கத்திலிருந்து தமிழ்நாட்டின் சிவகாசிக்கு வந்தது. அங்கே அச்சான நாட்காட்டிப் படங்களின் பெரிய பெயர் சி. கொண்டையராஜு (1898–1976). மதராஸ் ஓவியப் பள்ளியில் படித்தவர், திருவண்ணாமலையில் ரமணரின் ஆசிரமத்தில் இருந்தவர், பிறகு நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை வரைந்தபடி கோவில்பட்டிக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டவர். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த முருகனும் மீனாட்சியும் கஜலட்சுமியும் தமிழர் வீடுகளை நிறைத்தார்கள்.

நம் ஊர் டாட்டூக்களில் இருக்கும் சிரித்த முகம், பெரிய கண், மின்னும் வேல் கொண்ட முருகன் ஆகியவை ரவி வர்மாவில் தொடங்கிய அந்த அச்சுப்பட மரபிலிருந்து வந்தவை.

எல்லோரும் பாராட்டினார்களா?

இல்லை. வாழ்ந்தபோது அவருக்குப் புகழ் குறைவில்லை. 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சிக்கு 10 ஓவியங்களை அனுப்பிப் பதக்கங்கள் பெற்றார். 1904-இல் பிரிட்டிஷ் அரசு கைசர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம் கொடுத்தது.

ஆனால் அவருடைய கடைசிக் காலத்திலும் அதற்குப் பிறகும் ஈ.பி. ஹாவெல், ஆனந்த குமாரசாமி, சகோதரி நிவேதிதா போன்றோர் கடுமையாக விமர்சித்தனர். யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த முத்து குமாரசாமியின் மகன்தான் ஆனந்த குமாரசாமி. ரவி வர்மாவின் கடவுள்கள் ஐரோப்பிய முறையில் வரையப்பட்ட நாடக நடிகர்கள்போல இருக்கிறார்கள், இந்தியச் சிற்பங்களில் இருக்கும் தெய்வத்தன்மை அவற்றில் இல்லை என்பது விமர்சனத்தின் சாரம்.

இன்று கேட்கப்படும் கேள்வி வேறு மாதிரியானது. அந்தத் தேவியர் ஏன் எல்லோரும் வெளுப்பாகவே இருக்கிறார்கள்? ஏன் வசதியான மேல்சாதி வீட்டுப் பெண்களைப்போலவே இருக்கிறார்கள்? கறுப்பு நிறத்தில் நம் குலதெய்வம் இருக்கும்போது, அழகான சாமி என்றாலே சிவந்த நிறம் என்று நம் மனதில் பதிந்தது எப்படி? இந்தக் கேள்விகள் நியாயமானவை. பரவலான ஒரு படம் எதைச் சேர்த்துக் கொடுக்கிறதோ அதைப்போலவே, எதை விட்டுவிடுகிறது என்பதும் முக்கியம்.

கடைசி நாட்கள்

தம்பி ராஜராஜ வர்மா அவருக்கு வெறும் உதவியாளர் இல்லை. சேர்ந்து பயணம் செய்தார், சேர்ந்து வரைந்தார், நாட்குறிப்பு எழுதினார். ரவி வர்மாவின் அன்றாட வாழ்க்கை பற்றி நமக்குத் தெரிந்ததில் கணிசமானது அந்த நாட்குறிப்பிலிருந்து வந்தது. 1905-இல் தம்பி இறந்தார். அது அண்ணனை உலுக்கியது.

அப்போது ரவி வர்மாவுக்கு நீரிழிவு நோயும் இருந்தது. 1906 அக்டோபர் 2-ஆம் தேதி, பிறந்த அதே கிளிமானூரில் காலமானார். வயது 58.

அவர் விற்ற அச்சகம் அவருக்குப் பிறகும் பல ஆண்டுகள் ஓடியது. 1972-இல் ஏற்பட்ட தீயில் அங்கிருந்த பெரும்பகுதி அழிந்தது. 1979-இல் இந்திய அரசு அவருடைய ஓவியங்களைத் தேசியக் கலைச் செல்வங்களாக அறிவித்தது.

சரி, டாட்டூ குத்தலாமா?

தமிழருக்குத் தோலில் படம் புதிது இல்லை. நம் கொள்ளுப்பாட்டிகள் பலரின் கைகளில் பச்சை இருந்தது. ஊர் ஊராக வரும் குறத்தியரிடம் கையை நீட்டிக் குத்திக்கொண்டது. மஞ்சளும் அகத்திக் கீரையும் சேர்த்து எரித்த கரியே மை. கோலம், தேள், பெயர் என்று சின்னச் சின்னதாக இருக்கும். சாமியின் முழு முகத்தை நிழலோடு தோலில் கொண்டுவருவது இன்றைய இயந்திரத்தால் சாத்தியமானது.

அதனால் முதல் ஆலோசனை தொழில் சார்ந்தது. முகம், வீணை, நகை எல்லாவற்றையும் உள்ளங்கை அளவில் அடக்கினால், ஆண்டுகள் போகப் போக மை பரவி நுணுக்கம் மங்கும். பெரிய இடம் வேண்டும், அல்லது குறைவான விவரம் வேண்டும். சாமியை இடுப்புக்குக் கீழே குத்துவதைப் பெரியவர்கள் பலர் ஏற்பதில்லை. குத்தும் முன் வீட்டில் பேசிவிடுவது நல்லது, ஏன்னா அழிப்பது குத்துவதைவிடச் செலவும் வலியும் அதிகம்.

இரண்டாவது ஆலோசனை உங்களைப் பற்றியது. நீங்கள் குத்திக்கொள்ள விரும்புவது சரஸ்வதியையா, அல்லது பாட்டி வீட்டுச் சாமி மேடையில் பார்த்த அந்தச் சரஸ்வதியையா? இரண்டும் ஒன்று இல்லை. முதலாவது என்றால், ரவி வர்மாவின் முகம்தான் வேண்டும் என்று கட்டாயம் இல்லை. உங்கள் அம்மாவின் சாயலில், உங்கள் ஊர்க் கோயில் சிற்பத்தின் சாயலில் வரையச் சொல்லலாம். ரவி வர்மாவும் அதைத்தான் செய்தார், தான் பார்த்த பெண்களின் முகத்தைத் தேவிக்குக் கொடுத்தார்.

இரண்டாவது என்றால், பாட்டியின் படத்தையே எடுத்துப் போங்கள். கண்ணாடிக்குள் கொஞ்சம் பூச்சி அரித்திருந்தாலும் பரவாயில்லை. பாட்டி தினமும் பார்த்த முகம் அது. இணையத்தில் கிடைக்கும் கூர்மையான படத்தைவிட உங்களுக்கு அதுதான் அசல்.

கடைசியாக ஒரு விஷயம். கறுப்பு, சாம்பல் நிற மையில் மட்டும் குத்தும் டாட்டூவில், முகத்தின் வெளிச்சமான பகுதிகளுக்கு மை வைப்பதில்லை. அங்கே தெரிவது உங்கள் தோல்தான். ரவி வர்மா வெளுப்பாக வரைந்த சரஸ்வதி, 100 ஆண்டுகளுக்கு மேல் கழித்து, கிள்ளானில் ஒரு தமிழ்ப் பெண்ணின் கையில் ஏறும்போது அந்தப் பெண்ணின் நிறத்துக்கே வந்துவிடுகிறாள்.